இரண்டு புள்ளி வைத்த நிலம்

சென்ற மாதம் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீடியோவில் நேர்காணல் கொடுத்தேன். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தால்தான் சிக்னல் ஒழுங்காக வரும். மடியில் லேப்டாப், கீழே தெருவில் தக்காளி விற்கிற வண்டியின் மைக். திரையில் இருந்தவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஜாவாஸ்கிரிப்ட்ல டைப் எரர் வந்தா எப்படி ஹேண்டில் பண்ணுவீங்க?"

இதற்குப் புத்தகத்தில் ஒரு பதில் உண்டு. எனக்கும் அது மனப்பாடம். ஆனால் கேள்வி காதில் விழுந்ததுமே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கத்த விடுவேன் சார். அது வாயை யாராவது பொத்த வந்தா கையைத் தட்டி விடுவேன்."

அவர் சிரித்தார். "யூசருக்கு எரர் தெரிஞ்சா நல்லாருக்காதே?" என்றார்.

"தெரியலேன்னாதான் சார் நல்லாருக்காது" என்றேன். குரல் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. கீழே தக்காளிக்காரரே ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்தார். அந்த வேலை கிடைக்கவில்லை. போகட்டும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், அவருக்கு என் அக்காவைத் தெரியாது.

எங்கள் வம்சத்தில் நிலம் என்று ஒன்று முதன்முதலாக வந்தது அக்காவுக்குத்தான். அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் எல்லோரும் அடுத்தவர் கழனியில் நட்டார்கள், களை பறித்தார்கள், அறுத்தார்கள், கூலியை வாங்கிக்கொண்டு வரப்பைவிட்டு இறங்கினார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்தது கோலியனூரைத் தாண்டி ஒரு கிராமத்தில். மாமா கட்டட வேலைக்குப் பெங்களூர் போவார், வருவார். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்து ஓர் அரை ஏக்கர் நஞ்சை வாங்கினார்கள். பட்டா அக்கா பேரில். அவள் முதலில் செய்த காரியம் அதை விழுப்புரத்துக்கு எடுத்து வந்து லேமினேஷன் போட்டதுதான். கடைக்காரர் "நாளைக்கு வாங்கம்மா" என்றதற்கு, "குடுத்துட்டெல்லாம் போவ மாட்டேன், இங்கியே நிக்கறேன்" என்று நின்று வாங்கிப் போனாள்.

அந்தப் பட்டாவில் நிலத்தின் அளவு 0.20.50 என்று இருக்கும். எங்கள் பக்கம் பத்திரத்திலும் பட்டாவிலும் இப்படித்தான் எழுதுவார்கள். முதலில் ஹெக்டேர், ஒரு புள்ளி, அப்புறம் ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கான ஏர், இன்னொரு புள்ளி, அப்புறம் மிச்சம். பேச்சில் சென்ட் என்போம், காணி என்போம், ஹெக்டேர் யார் வாயிலும் வராது. ஆனால் எழுதச் சொன்னால் பட்டாவைப் பார்த்து அப்படியே இரண்டு புள்ளி வைத்து எழுதுவோம். வி.ஏ.ஓ. முதல் டீக்கடை வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரியாதவர் என்று நான் பார்த்தது, அப்போது நான் வேலை செய்த ஆபீஸின் முதலாளி சார் ஒருவரைத்தான். அவரும் விழுப்புரத்துக்காரர்தான், அப்பா விட்டுப்போன மல்லாட்டைக் காட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிற நிலத்தை, விற்று அந்த ஆபீஸை வைத்தவர்தான்.

ஆபீஸ் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே இருந்தது. நாலைந்து பேர் வேலை செய்தோம். நான் திண்டிவனத்தில் இருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். துணிக்கடை, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெப்சைட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற ஒரு கூட்டு நிறுவனத்தின் வேலை வந்தது. அவர்களிடம் நெல் அறுக்கிற மிஷின்கள் இருந்தன. யாருக்கு எந்த நாளில் மிஷின் என்பதில் தினம் தினம் சண்டை. ஆகவே ஒரு வெப்சைட். விவசாயி ஊர், சர்வே எண், நிலத்தின் அளவு எல்லாம் அடித்துப் பதிய வேண்டும். வரிசையை சைட்டே போட்டுவிடும். வண்டி வரும் நாளைப் போனில் சொல்வார்கள்.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. துணிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி படம் ஓட விடுவதற்கா நான் படித்தேன் என்று அலுத்துப்போயிருந்த நேரம். அக்காவுக்குப் போன் போட்டு, "உங்க ஊருக்கு மிஷின் அனுப்பற சைட்டே நான்தான் பண்றேன்" என்று பீற்றிக்கொண்டேன். அவள் அதை ஊர் முழுக்கச் சொன்னாள். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த பெண்களிடம், மாதா சொரூபத்துக்கு முன்னாலேயே நின்று சொன்னாளாம்.

டைப் எரர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணினிக்கு எண் வேறு, எழுத்து வேறு. திரையில் இருக்கும் பெட்டியில் நாம் எதை அடித்தாலும் முதலில் அதற்கு அது எழுத்துதான். ஐந்து என்று அடித்தாலும் அதை எண்ணாக மாற்றிய பிறகுதான் கணக்குப் போட வேண்டும். சில மொழிகள் இதில் கறார். இந்த ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் தலையாட்டும். எழுத்து ஐந்தையும் எண் ஐந்தையும் கூட்டச் சொன்னால், இரண்டையும் ஒட்டவைத்து ஐம்பத்தைந்து என்று நீட்டும். எண்ணாகவே மாற்ற முடியாத ஒன்றைக் கொடுத்தால் 'எண் அல்ல' என்று ஒரு மதிப்பை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே ஒன்றுமே நடக்காதது போல மேலே போய்க்கொண்டிருக்கும். ரொம்பத் தாங்க முடியாமல் போனால்தான் டைப் எரர் என்று கத்தி நிற்கும். அது தானாகக் கத்தாத இடத்தில் நாமே கத்த வைக்கலாம். கத்தினால் அதைப் பிடித்துக்கொள்ளவும் ஓர் இடம் உண்டு. கேட்ச் என்று பெயர். அங்கே பிடித்து, என்ன தவறு, இனி என்ன செய்ய வேண்டும் என்று எதிரில் இருக்கும் மனிதருக்குச் சொல்ல வேண்டும். கேட்ச் இருப்பதே அதற்காகத்தான். பிடித்து வாயில் துணி அடைப்பதற்கு அல்ல.

0.20.50 என்பது கணினிக்கு எண் ஆகாது. ஒரு புள்ளி இருந்தால் எண், இரண்டு புள்ளி இருந்தால் அதற்குப் புரியாது. இது வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். எங்கள் அக்கா பட்டாவையே அடித்துப் பார்த்துத்தான் சோதித்தேன். 'எண் அல்ல' என்று வந்தால் டைப் எரர் எழுப்பி, பதிவை நிறுத்தி, திரையில் சிவப்பில் ஒரு வரி வருகிற மாதிரி வைத்தேன்: நில அளவு எங்களுக்குப் புரியவில்லை, பதிவு ஆகவில்லை, இந்த எண்ணுக்குப் பேசுங்கள். தற்காலிகமாகத்தான். ஹெக்டேருக்கு ஒரு பெட்டி, ஏருக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிட்டால் தொல்லையே இல்லை. அதைத்தான் சாரிடம் சொன்னேன்.

சார் திரையைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"ஏம்மா, நாளைக்கு டெமோ. டைரக்டருங்க எல்லாம் வர்றாங்க. அவங்க எதிர்ல செவப்பா வந்துச்சின்னா நாறிப்பூடும். அத எடுத்துடு."

"எடுத்தா எப்படி சார்? ரெண்டு பெட்டியா வச்சிடலாம். அரை நாள் வேலைதான்."

"டிசைன் அப்ரூவ் ஆயிடுச்சி. இப்ப போயி பெட்டி கிட்டின்னு பேஜாரு பண்ணாத. எவன் ரெண்டு புள்ளி வைக்கப் போறான்?"

"எல்லாருந்தான் சார் வைப்பாங்க. உங்க பத்திரத்தையே எடுத்துப் பாருங்க."

"என் பத்திரத்த நான் பாத்துக்கறேன். நீ ஜல்தியா கெளம்பு, ட்ரெயின் போயிடப் போவுது."

எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மறுநாள் டெமோவில் அவரே உட்கார்ந்து அளவுப் பெட்டியில் 2 என்று அடித்தார். பச்சை டிக் வந்தது. 'பதிவு முடிந்தது. வண்டி வரும் நாள் போனில் தெரிவிக்கப்படும்.' எல்லோரும் கைதட்டினார்கள். கீழ்க்கடையில் இருந்து மைசூர்பாகு வந்தது. புள்ளி இல்லாத எண்ணாகப் பார்த்து அடிக்கிறாரே, அப்படியானால் சாருக்கு மனம் மாறிவிட்டது, சிவப்பு வரியை விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்து நானும் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். அதன் பிறகு அந்த சைட்டைத் தொடவே எனக்கு நேரம் இல்லை. பொங்கல் தள்ளுபடிக்குத் துணிக்கடைக்காரர்கள் வரிசைகட்டி நின்றார்கள்.

பொங்கல் நெருங்கும்போது அக்காவிடம் இருந்து ஆபீஸுக்குப் போன் வந்தது. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை அவள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். மிஷினு எப்ப வரும்னு கொஞ்சம் பாத்து சொல்றியா? நெல்லு பழுத்துத் தலை சாஞ்சிக்கினு கெடக்குது. மழை வரும்னு வேற டிவில சொல்லிக்கினு இருக்கான்."

"பதிஞ்சியாக்கா?"

"அப்பவே பதிஞ்சிட்டேன். பச்ச டிக்கு வந்துச்சி. நாளு சொல்லுவாங்கன்னு இருந்தேன். இன்னிக்குக் காத்தால அவங்களுக்குப் போன் பண்ணா, உங்க பேரே இல்லியேம்மான்றாங்க."

அவள் லைனில் இருக்கும்போதே தேடினேன். அவள் பேர் இல்லை. அவள் ஊரிலிருந்தே ஒரு பேர்கூட இல்லை. "அளவு என்ன அடிச்ச?" என்று கேட்டேன். "பட்டால இருக்கறதத்தான். பக்கத்துல வச்சிக்கினு ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து அடிச்சேன்" என்றாள்.

சிவப்பு வந்திருக்க வேண்டுமே! நான் எழுதியதைத் திறந்து பார்த்தேன். நான் வைத்த சோதனை அப்படியே இருந்தது. அது ஒழுங்காகத் தன் வேலையைச் செய்து டைப் எரர் என்று கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி யாரோ ஒரு கேட்ச் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு வரிகூட இல்லை. காலி. கத்தலை அங்கே பிடித்து அங்கேயே அமுக்கிவிட்டு, அடுத்த வரியில் பச்சை டிக். பதிவு ஆனாலும் பச்சை, ஆகாவிட்டாலும் பச்சை. யாரோ என்ன யாரோ, எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டுகிற பதிவில் சாரின் பேரே இருந்தது. டெமோவுக்கு முந்தின சாயங்காலம், நான் ரயில் ஏறின கையோடு போட்டிருக்கிறார்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. தவறு நடக்கலாம். கணினி ஆயிரம் தவறு பண்ணும், அதைத் திருத்தத்தான் எங்களுக்குச் சம்பளம். ஆனால் தவறு நடந்தது என்று கணினியே யோக்கியமாகச் சொல்ல வந்தபோது அதன் வாயை அடைத்து, கூடவே 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது' என்று ஒரு பொய்யையும் சொல்ல வைத்தால் அதற்கு என்ன பேர்? வாயில் நன்றாக வருகிறது, அச்சில் வர வேண்டாம்.

சாரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன்.

"காலியா கேட்ச் போட்டு வச்சிருக்கீங்களே சார், எங்க அக்கா பதிவே உள்ள வரல. நெல்லு கொட்டற நெலமையில நிக்குது."

அவர் பதறவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. திரையை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அவங்க தப்பா டைப் பண்ணியிருக்காங்கம்மா. நம்பர் கேட்ட எடத்துல நம்பர் போடணும். யூசர் எரர்னு ஒரு மெயில் தட்டிடு, முடிஞ்சிச்சி."

யூசர் எரர்! எங்கள் வம்சத்துக்கு அரசாங்கம் முதன்முதலாக எழுதிக் கொடுத்த எண் அது. லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்திருக்கிற எண். அவள் வேறு எதைத் தப்பாக அடித்தாலும் அதைத் தப்பாக அடிக்க மாட்டாள். அதைத்தான் இந்த மனுஷன் தப்பு என்கிறார்.

"அந்த மெயில நான் தட்ட மாட்டேன். அவங்க சரியாத்தான் அடிச்சாங்க. தப்பு நம்முது."

"ஏம்மா கத்தற? ஆபீஸும்மா இது."

"கத்தாம இருந்ததாலதான் சார் இந்த கதி!"

வெளியே வந்ததும் அந்தக் காலி கேட்சை அழித்தேன். சிவப்பு வரி திரும்பி வந்தது. அது போதாது என்று இரண்டு பெட்டியும் வைத்தேன். அரை நாள்கூட ஆகவில்லை. சார் என் பின்னால் வந்து நின்று, "இதுக்கப்புறம் நீ இங்க இருக்கறது கஷ்டம்மா" என்றார். "எனக்கும் அப்படித்தான் தோணுது சார்" என்றேன்.

ஆனால் இதெல்லாம் அக்காவுக்கு என்ன பிரயோஜனம்? கூட்டு நிறுவனத்தில் வண்டிக்கு நாள் ஒதுக்குகிறவரைப் போனில் பிடித்துக் கெஞ்சினேன். நல்ல மனுஷர். "எல்லா வண்டியும் ஓடிக்கினு இருக்குதும்மா. வரிசையில இருக்கறவங்கள விட்டுட்டு வந்தா என்ன வெட்டிப் போட்டுடுவாங்க. பொங்கல் கழிச்சி முதல் வண்டி உங்க அக்காவுக்குத்தான்" என்றார். தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன். அரை ஏக்கருக்கு என்று தனியாக எந்த வண்டியும் வராது. போக்குவரத்துக்கே கட்டாது என்றார்கள்.

மழை பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் விடாமல் கொட்டியது. விட்டதும் முதல் பஸ்ஸில் போனேன். கோலியனூர் தாண்டியதுமே ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனேன். நிறையக் கழனிகள் அறுத்து முடிந்து வெறும் நெல்தாளாக நின்றன. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஊரில் எல்லோரும் எப்படியோ அறுத்திருக்கிறார்கள், அக்காவும் அறுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கழனி மட்டும் அறுக்காமல் இருந்தது. பாய் விரித்த மாதிரி பயிர் மொத்தமும் படுத்துக் கிடந்தது, மேலே தண்ணீர். அக்கா முழங்கால் வரைக்கும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உள்ளே நின்று கதிரைக் கைகையாக அறுத்து வரப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கதிரை வாங்கிப் பார்த்தேன். நெல்மணியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. முதல் விளைச்சலில் ஒரு மூட்டை மாதா கோயிலுக்கு என்று நேர்ந்துகொண்டிருந்தாள். இந்த நெல்லை இனிக் கோழிக்குப் போடலாம், அவ்வளவுதான்.

செருப்பை வரப்பில் விட்டுவிட்டு நானும் இறங்கினேன். அவளிடம் ஒரு அரிவாள்தான் இருந்தது. அவள் அறுக்க, நான் வாங்கி வாங்கி வரப்பில் வைத்தேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு.

"சுத்தி இருக்கறவங்க எல்லாம் எப்படிக்கா அறுத்தாங்க?"

"நான் உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே வெளியூரு மிஷினு ஒண்ணு வந்துச்சி. ஆத்தூரு பக்கத்து வண்டி. இங்கியே நின்னு வரிசையா அறுத்துக் குடுத்துட்டுப் போச்சி."

"நீ ஏன் கூப்புடல?"

அவள் அறுப்பதை நிறுத்தவில்லை. "அவனே வந்து கேட்டான். இதையும் அறுத்துட்டுப் போவட்டுமான்னு. வேணாம்னு அனுப்பிட்டேன்."

"ஏன்க்கா?" என்று கத்தினேன்.

"நான்தான் பதிஞ்சி வச்சிருந்தனே பாப்பா. நம்ம வண்டி இவ்ளோ தூரம் வந்து, அறுத்த கழனியப் பாத்துட்டு சும்மா திரும்பிப் போனா, உனக்கு ஆபீஸ்ல கெட்ட பேரு ஆயிடாதா?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அந்த சைட்டைத் திறந்தேன். இரண்டு பெட்டி வைத்திருப்பதைக் காட்டினேன். முதல் பெட்டியில் வேண்டுமென்றே இரண்டு புள்ளி வைத்து அடித்துக் காட்டினேன். சிவப்பு வரி வந்தது. பதிவு ஆகவில்லை என்று பெரிய எழுத்தில் சொன்னது.

"சரி பண்ணிட்டேன்க்கா. இனிமே பொய் சொல்லாது."

அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் போனை வாங்கினாள். அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகப் படித்தாள். முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"அன்னிக்கே இது செவப்பா வந்திருந்தா, அந்த வண்டிய நான் திருப்பி அனுப்பியிருப்பனா, பாப்பா?" என்று கேட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் குனிந்தாள்.